பச்சை பிரிஜ்ஜும் குங்குமச் செப்பும்

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக்கூட்டிப் பேப்பர் வாசிப்பேன். கடிதம் எழுதினால் நாலு வரியில் முடித்துவிடுவேன். வயதும் போய்விட்டது. நேற்றுச் சாப்பிட்டதே மறந்துபோகிறது, ஆண்டுக் கணக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? தொண்ணூறுகளில் நடந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் முதியோர் மன்றம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. அங்கத்தவர்கள் கனடாவில் தாங்கள் செய்த வேலையைப் பற்றி எழுத வேண்டுமாம். மலருக்குப் பொறுப்பான பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அன்ரி, பக்டரியிலை வேலை செய்தனான் எண்டு ஒரு நாலு வரி எழுதித் தாங்கோ. மிச்சத்தை நான் வடிவாக்கிப் போடுறன்.”

“நான் பக்டரியிலை வேலை செய்யேல்லைப் பிள்ளை.”

“தெரியும் அன்ரி. எண்டாலும் கோயில் ஆக்களும் வாசிப்பினம் எல்லோ?”

“வாசிக்கட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் நாலு வரியில் முடிய வேண்டியது இவ்வளவு நீண்டுவிட்டது.

நான் பியர் பிரிஜ் செய்தவள். ரெக்ஸ்டேலில் ஒரு சின்னப் பட்டறையில், பழைய பிரிஜ்களை வாங்கிப் பிரித்து, உள்ளே பியர் உருளை வைத்து, வெளியே பைப் பூட்டி, வீட்டுக்குள்ளேயே பைப்பைத் திறந்து பியர் பிடித்துக் குடிக்கிற மாதிரிச் செய்து கொடுத்தோம். அந்த நாட்களில் பேஸ்மென்றில் பார் கட்டுகிற ஆசை இந்த நகரத்து ஆண்களைப் பிடித்து ஆட்டியது. எங்களுக்கு வேலை குறைந்ததே இல்லை. நான் இன்றுவரை ஒரு துளி பியர் நாக்கில் வைத்ததில்லை. அதைப் பெருமைக்கும் சொல்லவில்லை, வெட்கத்துக்கும் சொல்லவில்லை. செருப்புத் தைக்கிறவன் எல்லாச் செருப்பையும் போட்டா பார்க்கிறான்?

பட்டறை முதலாளியின் பெயர் மனுவல். போர்த்துக்கல் பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து இளவயதில் வந்தவர். குள்ளம். எண்ணெயும் தூசியுமான வேலைக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் வருவார். மெஷினில் மாட்டாமல் இருக்க அதன் நுனியைச் சட்டைப் பொத்தான்களுக்கிடையே செருகி வைப்பார். அவருக்கும் இங்கிலீஷ் மட்டுமட்டு, எனக்கு அதைவிட மட்டு. எனவே எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை. கூச்சக்காரியான எனக்கு அது பெரிய ஆறுதல். பஸ்ஸில் இறங்குவதற்கு மணிக் கயிறு இழுக்கக்கூட வெட்கப்பட்டு, வேறு யாராவது இழுக்கும்வரை இருந்து, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவள் நான்.

மனுவல் யாரையும் ஏசமாட்டார். நாங்கள் ஏதாவது பிழை செய்தால், தேத்தண்ணி நேரத்தில் எங்கள் கோப்பைக்குக் கீழே இருக்கும் வெள்ளைச் சோசரில் அந்தப் பிழை இருக்கும். அளவு மாறிய ஆணி, கோணலாக வெட்டிய ரப்பர், உடைந்த பிளாஸ்ரிக் துண்டு, எதுவானாலும் சோசரில் வைத்திருப்பார். ஒரு சொல் பேசமாட்டார். தன் கோப்பையை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏச்சை மறந்துவிடலாம். சோசரில் கிடந்த ஆணியை மறக்க ஏலாது.

முதலில் பிரிஜ் கழுவத்தான் சேர்ந்தேன். அப்பச் சோடாவும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, பிறத்தியாரின் பழைய கறி மணத்தை எடுப்பது. பிறகு கதவு ரப்பர் மாற்றினேன், பிறகு ஆணி கழற்றினேன். ஒரு பனிக்காலத்தில் மற்றவர்கள் ஆளாளுக்கு வேறு வேலைக்குப் போய்விட, நானும் மனுவலும் மட்டும் மிஞ்சினோம். அப்போது ட்றில்லைக் கையில் தந்தார். அவ்வளவுதான் என் படிப்பு.

வேலை இப்படித்தான். முதலில் தட்டுகளை எடுக்க வேண்டும். கதவின் உட்பக்கம் முட்டைக்கும் வெண்ணெய்க்கும் என்று புடைத்துக்கொண்டிருக்கும் பிளாஸ்ரிக்கை அறுத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உருளை வைத்தபின் கதவைச் சாத்த முடியாது. அறுத்த இடத்தில் தட்டையான தகடு வைத்து, ஓரமெல்லாம் பசை பூசி மூடவேண்டும். உள்ளேயிருக்கும் மஞ்சள் பஞ்சு கையில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும். பிறகு அடித்தளம். நிறைந்த உருளை ஒன்று வளர்ந்த ஆள் ஒருவர் பாரம். வெறும் பிளாஸ்ரிக்கின் மேல் வைத்தால் ஒரு மாதத்தில் வெடிக்கும். பலகை வெட்டிப் போடவேண்டும். பியரைத் தள்ளுகிற காஸ் சிலிண்டரை மாட்டியபின் பொருத்து ஒவ்வொன்றிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பியர் வரும் குழாயைத் தேவைக்குக் குறைவாக வெட்டினால் கிளாஸ் முழுக்க நுரைதான் வரும். வெட்டிய குழாயை நீட்ட முடியாது. அதனால் மனுவல் குழாய் வெட்டுமுன் ஒரு முறை மூச்சை இழுத்து விடுவார். நானும் பழகிக்கொண்டேன். இப்போது வெங்காயம் வெட்டும்போதும் இழுத்து விடுகிறேன்.

எல்லாவற்றிலும் கடினமானது துளை போடுவது. பழைய பிரிஜ்ஜின் பூச்சு கண்ணாடி மாதிரி வழுக்கும். ஆணி வைத்துத் தட்டிக் குறி போட்டால் பூச்சு வெடிக்கும். ஒட்டுநாடா ஒட்டிக் குறித்தால், அதை உரிக்கும்போது பெயின்ற்றும் சேர்ந்து வரும். பேனாக் குறி எண்ணெய் பட்டதும் ஓடிவிடும். ஒரு நாள் என் கைப்பையில் கோயிலில் தந்த குங்குமம் கடதாசிச் சுருளில் கிடந்தது. ட்றில்லுக்கு விடுகிற எண்ணெயில் ஒரு துளி எடுத்துக் குழைத்து, சுண்டுவிரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தேன். அசையவில்லை. அந்த மங்கல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிந்தது. வேலை முடிந்ததும் துணியால் துடைக்கப் போய்விட்டது. பைப்பின் வளையத்துக்கு அடியில் போன பகுதி மட்டும் துளையைச் சுற்றிச் சிவப்பாக மிஞ்சியது. அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மனுவல் பார்த்தார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார். மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் என் சோசரில் ஒரு சின்னத் தகரச் செப்பு இருந்தது, இருமல் மிட்டாய் வந்த வெற்றுச் செப்பு. என்ன பிழை செய்தேன் என்று யோசித்தேன். பிறகுதான் விளங்கியது, அது பிழைக்கு வைத்ததல்ல, குங்குமம் போட்டு வைப்பதற்கு.

என் கணவர் ஊரிலேயே செத்துப்போனார். அதற்குப் பிறகு என் நெற்றியில் குங்குமம் இல்லை. ஆனால் என் ஏப்ரன் பொக்கற்றில் குங்குமச் செப்பு இருந்தது. பட்டறைக்குள் யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை. நானும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ட்றில் இருந்த மாதிரி அதுவும் இருந்தது.

இனி அந்தப் பச்சை பிரிஜ்ஜுக்கு வருகிறேன்.

ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர், வெள்ளைக்காரர், தன் பழைய பிரிஜ்ஜைக் கொண்டுவந்தார். கறுத்தப் பச்சை நிறம். அந்தக் காலத்தில் அடுப்பும் பிரிஜ்ஜும் அந்த நிறத்தில்தான் வந்தன. அவருடைய பேஸ்மென்றில் படிக்கட்டுக்குக் கீழே அதை நிறுத்தினால் கதவுக்கு முன்னால் தூண் நிற்கிறதாம். பைப்பைக் கதவில் பூட்ட முடியாது, பக்கத்தில் வேண்டும் என்றார்.

மனுவல் “நோ” என்றார். கதவுக்குள் பஞ்சுதான் இருக்கும், எங்கும் துளைக்கலாம். ஆனால் அந்த மாதிரி பிரிஜ்ஜுக்குப் பக்கத் தகட்டின் உட்புறம் ஒட்டியபடி பிரிஜ்ஜின் சூட்டை வெளியே விடுகிற காஸ் குழாய் வளைந்து வளைந்து ஓடும். வெளியே தெரியாது. ட்றில் அதில் பட்டால் காஸ் போய்விடும், பிரிஜ் செத்துவிடும். அந்த மனுசன் கெஞ்சினார். அது அவருடைய மனைவி இருந்த காலத்துப் பிரிஜ்ஜாம், வேறு வேண்டாமாம்.

மனுவலுக்கு மனம் இளகியது. பக்கத் தகட்டில் தண்ணீர் தடவி, பிரிஜ்ஜை ஓடவிட்டு, எங்கே முதலில் காய்கிறது என்று பார்க்கச் சொன்னார். குழாய் சூடாகும், அதன் மேலிருக்கும் ஈரம் முதலில் காயும். ஆனால் வெறுந்தண்ணீர் ஓடி வழிந்தது, ஒன்றும் தெரியவில்லை. நான் அடுத்த நாள் வீட்டிலிருந்து அரிசிமாக் கொண்டுபோனேன். கோலத்துக்குக் கரைப்பது போலத் தண்ணியாகக் கரைத்து, மெல்லிய துணியால் பூசினேன். பிரிஜ்ஜைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் மரவாங்கில் குந்திக்கொண்டு பார்த்தோம். கொஞ்ச நேரம் பச்சைதான். பிறகு ஒரு முனையில் வெள்ளையாக ஒரு கோடு எழுந்தது. நேரே போய் வளைந்தது, திரும்பி வந்து வளைந்தது, மறுபடியும் போனது. ஏழு வளைவு. தகட்டுக்குள் ஒளிந்திருந்த குழாய் முழுக்க வெளியே வந்து நின்றது. மனுவல் கழுத்துப்பட்டியை வெளியே எடுத்து ஒரு முறை சரி பார்த்துத் திரும்பச் செருகினார். அவர் சந்தோசப்பட்டால் அப்படித்தான்.

கோடு அழியுமுன் அவரே வெள்ளைப் பெயின்ற் எடுத்து, துளை வரப்போகும் இடத்தைச் சுற்றியுள்ள வளைவுகள்மேல் கீறினார். பிறகு திருத்த வருகிறவனுக்குத் தெரியவேண்டும் என்றார். இரண்டு கோட்டுக்கு நடுவில் நான் குங்குமப் பொட்டு வைத்தேன், துளைத்தேன். காஸ் தப்பியது. அதன்மேல் ஒரு உருக்குத் தகடு வைத்து மூடி, மனுவல் தன் கையாலேயே பைப்பைப் பூட்டினார். பஸ் சாரதி அதைக் கொண்டுபோனார். அத்தோடு நான் மறந்துவிட்டேன்.

சில வருடம் போயிருக்கும். அப்போது நான் என் தம்பி குலம் வீட்டில் இருந்தேன், ஸ்காபரோவில். அவன்தான் என்னை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவன். நன்றி மறக்கக்கூடாது, சொல்லிவிட்டேன். ஒரு நாள் சாப்பிடும்போது அவன் சொன்னான்:

“சிவலிங்கண்ணை வீட்டிலை ஆரோ சூனியம் செய்துபோட்டினமாம், அக்கா.”

சிவலிங்கண்ணை வோபர்னில் இருந்தவர், தம்பியோடு ஒரே ரெஸ்ரோரன்ற் கிச்சினில் வேலை. அவருக்கு அந்த வருடம் பட்ட காலிலே பட்டது. பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு நோவு, வேலையில் நேரம் குறைப்பு, ஏதோ ஒரு சீட்டில் சண்டை. காரணம் இப்போதுதான் அகப்பட்டதாம். யாரோ வெள்ளைக்காரன் வீடு மாறும்போது விற்ற பியர் பிரிஜ் ஒன்றை அவர் வாங்கிப் பேஸ்மென்றில் வைத்திருந்தார். பைப் சொட்டுகிறது என்று கழற்றினால், தகட்டுக்குக் கீழே வெள்ளைக் கோட்டில் சக்கரம் கீறி, நடுவில் துளை போட்டு, அதைச் சுற்றிக் குங்குமம்.

நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

“என்ன நிறப் பிரிஜ்?”

“பச்சையாம்.”

“பைப் கதவிலையோ, பக்கத்திலையோ?”

“பக்கத்திலை. ஏன் அக்கா?”

“தம்பி, உது சக்கரம் இல்லை. உது காஸ் ஓடுற குழாய். கீறினது மனுவல். குங்குமம் என்ரை.”

தம்பி கையை உதறிவிட்டு எழும்பினான். “அக்கா, கடவுளாணை, உதை வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ. நான் ஊருக்கெல்லாம் நீங்கள் பிளக் செய்யிற பக்டரியிலை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

“சூனியம் இல்லையெண்டாவது சொல்லு.”

“என்னெண்டு சொல்லுறது? உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பினம். அவை சாத்திரியாரோடை போனிலை கதைச்சுப்போட்டினம். செய்தவள் வீட்டுக்குள்ளைதானாம்.”

“ஆரைச் சொல்லுகினம்?”

“ஆரை? ரஜனியைத்தான்.”

ரஜனி அவர்களுடைய மருமகள். மட்டக்களப்புப் பெண். மகன் சுதன் பிறம்ரனில் ஒரு கொம்பனிக்கு ட்றக் ஓடுகிறவன், போனால் ஒரு கிழமைக்கு வரமாட்டான். அவன் விரும்பிக் கலியாணம் முடித்த பெண். புருஷனும் பெண்சாதியும் அந்தப் பேஸ்மென்ற் அறையில்தான் இருந்தார்கள். ரஜனியின் சாமிப் படமும் குங்குமமும் அந்த பிரிஜ்ஜுக்கு எதிரில்தான் இருந்தன. எங்கள் ஆட்களுக்கு இது போதாதா? மட்டக்களப்பார் மந்திரம் செய்வார்கள், ஆளைப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் கதை கட்டி வைத்திருந்தோம். பெட்டி கட்டிக் கனடாவுக்கு வரும்போது அந்தக் கதையையும் கட்டிக்கொண்டு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போனால்தான் கட்டு அறுமாம். பிரிஜ்ஜையும் உடைக்க வேண்டுமாம். சுதன் அப்போது அல்பேர்ட்டாவுக்கு லோட் கொண்டுபோயிருந்தான்.

“நான் ஞாயிற்றுக்கிழமை வாறன்” என்றேன்.

“வந்து வாயைத் திறந்தால், பேந்து இந்த வீட்டிலை நானும் நீங்களும் என்னெண்டு ஒண்டாய் இருக்கிறது, அக்கா? யோசிச்சுப் பாருங்கோ.”

யோசித்துப் பார்த்தேன். கைப்பைக்குள் செப்பை வைத்தேன். ஒரு கடதாசிச் சரையில் அரிசிமா வைத்தேன். ஸ்பனரும் வைத்தேன்.

அந்தப் பேஸ்மென்றுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். சாம்பிராணிப் புகை. பிரிஜ்ஜின் கதவுக்கு மேல் வெள்ளை வேட்டி ஒன்று போர்த்தியிருந்தது. உள்ளே பியர் இருப்பது சாமிக்குத் தெரியக்கூடாதென்று நினைத்தார்களோ என்னவோ. பிளக்கையும் பைப்பையும் தகட்டையும் கழற்றி வைத்திருந்தார்கள். சிவலிங்கண்ணை கையில் சுத்தியலோடு நின்றார். ஆனால் அடிக்க மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவர் சாதி மதம் பார்ப்பார், நாள் நட்சத்திரம் பார்ப்பார். ஆனால் உருளை அரைவாசி நிறைந்திருந்தது.

ரஜனி படிக்கட்டடியில் ஒரு சூட்கேஸோடு நின்றாள். அழுது முடித்த முகம்.

“நான் ஒண்டும் செய்யல்ல மாமி” என்றாள், எத்தனையாவது தடவையோ. “நெத்தியில வைக்கிற குங்குமம் மட்டுந்தான் என்னட்ட இரிக்கு.”

“அதைத்தானே நாங்களும் சொல்லுறம்” என்றார் அவளுடைய மாமியார் பரமேஸக்கா.

யாராவது எனக்குப் பதிலாகக் கயிறு இழுக்கமாட்டார்களா என்று பார்த்தேன். தம்பி என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தான்.

“அண்ணை” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. “சிவலிங்கண்ணை! உது என்ரை வேலை.”

சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

“என்ன தங்கச்சி, நீரோ சூனியம் செய்தனீர்?” அவருடைய முகத்தில் பயம்.

“பிரிஜ் செய்தனான். நான் பியர் பிரிஜ் செய்யிற கடையிலைதான் வேலை. உது காஸ் குழாய் ஓடுற பாதை. ட்றில் படாமல் இருக்கக் கீறினது.”

“அக்காவுக்குச் சுகமில்லை” என்றான் தம்பி.

“எனக்கு நல்ல சுகம். பரமேஸக்கா, கொஞ்சம் தண்ணி தாங்கோ.”

பரமேஸக்கா அசையவில்லை. ரஜனிதான் சூட்கேஸை வைத்துவிட்டு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் மாவைக் கரைத்தேன். தகடு இருந்த இடத்தைச் சுற்றிப் பச்சை இடமெல்லாம் துணியால் பூசினேன். பிளக்கைச் சொருகினேன். பிரிஜ் ஒரு குலுக்குக் குலுக்கி ஓடத் தொடங்கியது. இரண்டு பேர் படிக்கட்டுக்கு ஓடினார்கள்.

பிறகு பார்த்துக்கொண்டு நின்றோம். அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தெரியவில்லை. பச்சை பச்சையாகவே இருந்தது. “விசர்” என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது. அந்த பிரிஜ் நாள்கணக்காக ஓடாமல் கிடந்தது, குழாய் சூடாக நேரம் எடுக்கும். எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தும் எனக்கு வியர்த்தது.

முதலில் பார்த்தது ரஜனி. “அன்ரி, இஞ்ச!”

பெயின்ற் கோடு நின்ற நுனியிலிருந்து வெள்ளை எழும்பியது. வெளியே போய், வளைந்து, திரும்பி வந்து அடுத்த பெயின்ற் கோட்டின் நுனியில் சேர்ந்தது. பிறகு அடுத்தது. யாரும் தொடவில்லை, தானாகப் போனது. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கும்பிடாதேங்கோ அப்பு” என்றேன். “அது வெறும் சூடு.”

சிவலிங்கண்ணை குனிந்து பார்த்தார். கையால் தொட்டுப் பார்த்தார். சுட்டது. ஆனால் அவ்வளவு கெதியாக விடுவாரா?

“சரி, கோடு குழாய். அப்ப குங்குமம்?”

நான் செப்பை எடுத்துத் திறந்து காட்டினேன். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சூனியத்தைக்கூட அப்படி எட்டிப் பார்க்கவில்லை.

“தாலியறுத்தவளிட்டைக் குங்குமம் என்னத்துக்கு?” என்றார் பரமேஸக்கா.

“துளை போட.”

ரஜனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள்.

“நெத்தியிலை வைக்க இல்லை அக்கா. ஒரு நாளைக்கு வைக்க வேணும் போலை இருந்தால் வைப்பன். அப்பவும் உங்களைக் கேக்கமாட்டன்.”

இதை நான் சொன்னேனா என்று இன்றும் எனக்கு ஆச்சரியம். சொன்னேன். ரஜனி சாட்சி.

பிறகு, வந்ததற்குச் சும்மா போவானேன் என்று கழற்றிக் கிடந்த பைப்பை எடுத்துப் பார்த்தேன். வாஷர் தேய்ந்திருந்தது. ரஜனியிடம் ரோச் லைற்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, புது வாஷர் போட்டு, தகட்டோடு பூட்டினேன். என் பையில் எப்போதும் இரண்டு கிடக்கும். சொட்டு நின்றது. சிவலிங்கண்ணை சுத்தியலைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “இப்ப குடிக்கலாமோ, தங்கச்சி?” என்றார்.

“முதல் கிளாஸ் நுரைக்கும். ஊத்திப்போட்டு இரண்டாவதைக் குடியுங்கோ. குடிக்க முதல் மருமகளிட்டை மன்னிப்புக் கேளுங்கோ.”

அவர் கேட்கவில்லை. கேட்டார் என்று எழுதினால் வடிவாக இருக்கும். கேட்கவில்லை. பரமேஸக்கா “அப்ப சூட்கேஸை உள்ளை வை” என்று மட்டும் சொன்னார்.

ரஜனி உள்ளே வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள். “அன்ரி, நீங்க எங்க போறிங்க?”

தம்பி காரை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே போய்விட்டான். “எனக்கும் இடம் தேட வேணும் பிள்ளை” என்றேன்.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு சூட்கேஸும் பஸ்ஸில் ரெக்ஸ்டேல் போனோம். எங்கள் தரிப்பு வந்தபோது கயிற்றை நான்தான் இழுத்தேன். பட்டறைக்கு மேலே ஒரு அறை வெறுமையாகக் கிடந்தது, பழைய கதவுகள் அடுக்கி வைத்த அறை. மனுவலின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். வந்து திறந்துவிட்டார். சுதன் திரும்பி வரும்வரை ரஜனி என்னோடு இருந்தாள். வந்தபின் இருவரும் தனி அப்பாட்மென்ற் எடுத்துப் போனார்கள். நான் அந்த அறையிலேயே இருந்துவிட்டேன், வேலையிலிருந்து நிற்கும்வரைக்கும். தம்பி கனகாலம் கதைக்கவில்லை, பிறகு கதைத்தான். அது வேறு கதை.

மனுவலுக்கு மறுநாள் நடந்ததெல்லாம் சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் கையாலும். சூனியம், மட்டக்களப்பு, தாலி, எதுவும் அவருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. எல்லாம் கேட்டு முடித்து, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “எங்கள் பைப் சொட்டியதா?”

நான் தேய்ந்த வாஷரை மேசையில் வைத்தேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

தேத்தண்ணி நேரம் வந்தது. என் கோப்பையைத் தூக்கினால், சோசரில் அந்த வாஷர்.

அதற்கு முந்திய நாளாக இருந்தால் தலையைக் குனிந்திருப்பேன். ஆனால் அந்த பிரிஜ்ஜுக்குப் பைப் பூட்டியது நானல்ல, அவர். வாஷரை எடுத்து, எட்டி, அவருடைய சோசரில் வைத்தேன். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

மனுவல் கனநேரம் அதைப் பார்த்தார். “ட்ரூ, மிஸ்ஸிஸ்” என்றார். அந்த வாஷர் அவர் கடையை மூடும்வரை அவருடைய மேசையில் கிடந்தது.

மலருக்குப் பொறுப்பான பிள்ளை இதை வாசித்து எழுத்துப் பிழைகளைத் திருத்தட்டும். எங்கும் ‘பக்டரி’ என்று மட்டும் திருத்த வேண்டாம். மற்றபடி ஒரு விஷயத்தை யாராவது சரி பார்க்க வேண்டும். ஏழு வளைவு என்று எழுதியிருக்கிறேன், எட்டாகவும் இருக்கலாம், எனக்கு நிச்சயமில்லை. சிவலிங்கண்ணை வீட்டை விற்றபோது அந்தப் பச்சை பிரிஜ்ஜை ரஜனி கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அவளுடைய கராஜில் நிற்கிறது, இன்னும் ஓடுகிறதாம். அவள் தகட்டைக் கழற்றி, அரிசிமாப் பூசி எண்ணிச் சொல்லட்டும். கழற்றுமுன் சிலிண்டர் காஸை அடைக்க வேண்டும், மறக்கக்கூடாது. துளையைச் சுற்றிச் சிவப்பு இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். அழிந்திருந்தால் எனக்குத் தொலைபேசி எடுத்தால் போதும், பஸ்ஸில் வருவேன். செப்பு என் கைப்பையில்தான் இருக்கிறது.